கேமராவைப் பார்க்காதீங்க!

சமீபத்தில் ஏதாவது ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தால் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பீர்கள். மண்டபத்து மாடிப்படியில் பொண்ணும் மாப்பிள்ளையும். எதிரே தரையில் முட்டி போட்டுக்கொண்டு கேமராவோடு ஒருவர். "அக்கா, கேமராவைப் பார்க்காதீங்க. அண்ணனைப் பாருங்க. அண்ணன் ஏதோ காமெடி சொன்ன மாதிரி சிரிங்க... இல்லக்கா, இன்னும் கொஞ்சம் நேச்சுரலா!" அண்ணன் ஒன்றுமே சொல்லவில்லை. பட்டு வேட்டி இடுப்பில் நிற்குமா நிற்காதா என்ற கவலையில் இருக்கிறார், பாவம். அக்கா சிரிக்கிறார். ஏழாவது தடவையில் நேச்சுரலாக வந்துவிடுகிறது. இதற்குப் பெயர் கேண்டிட் போட்டோகிராபி. தனி ரேட்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுவும் ஒரு தொழில், கஷ்டமான தொழிலும் கூட. ஆனால் தெருவில் போகிற மனிதர்களை அவர்கள் இருக்கிறபடியே படம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, புதிதாகக் கேமராவைக் கையில் எடுப்பவர்களுக்கு இந்த மாடிப்படிச் சிரிப்பு எந்த விதத்திலும் உதவாது. அவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு, ஒரே ஒரு ஊர். ஊர் திருவண்ணாமலை. ஏன் திருவண்ணாமலை என்றால், கேண்டிட் படங்களுக்குக் கடவுள் மாதிரி கொண்டாடப்படும் ஒரு பிரெஞ்சுக்காரர் 1950-ல் அங்கேதான் வந்து தங்கியிருந்தார்.

முதலில் அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். எரிக் சாலமன் என்று ஒரு ஜெர்மானியர். படித்தது சட்டம். 1920-களின் கடைசியில் எர்மனாக்ஸ் என்ற சின்னக் கேமரா ஒன்றை வைத்துக்கொண்டு கோர்ட்டுக்குள்ளும் அரசியல் தலைவர்களின் கூட்டங்களுக்குள்ளும் நுழைந்து படம் எடுத்தார். கோர்ட்டுக்குள் கேமரா கூடாது என்பதால் தொப்பிக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு போனார். அதற்கு முன்னால் தலைவர் படம் என்றால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற படம்தான். சாலமனின் படங்களில் அதே தலைவர்கள் கொட்டாவி விட்டார்கள், நடுராத்திரியில் சோபாவில் சாய்ந்து கிடந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்த லண்டன் பத்திரிகை ஒன்று வைத்த பெயர்தான் 'கேண்டிட் கேமரா' என்று சொல்வார்கள். யூதர் என்பதால் சாலமனை நாஜிகள் பிடித்துக்கொண்டு போனார்கள். 1944-ல் ஆஷ்விட்ஸ் முகாமில் இறந்தார்.

ஆக, பிறக்கும்போதே இந்தக் கலைக்கு ஒளிவு மறைவு ஒட்டிக்கொண்டுவிட்டது. தொப்பிக்குள் கேமரா! இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது இதைத்தான். தொப்பிக்குப் பதில் ஜூம் லென்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்போது பிரெஞ்சுக்காரருக்கு வருவோம். ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். 1908-ல் பிறந்தவர். லைகா கேமரா 1925-ல் விற்பனைக்கு வந்தது. கையடக்கம், ஒரு ரோலில் 36 படம். 1930-களில் அது இவர் கைக்கு வந்தது. பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸ் ஒன்று மட்டும். பிளாஷ் கிடையாது. எடுத்த பிறகு ஓரத்தை வெட்டுவதும் அநேகமாகக் கிடையாது. கேமராவின் பளபளக்கும் பாகங்கள் மேல் கறுப்பு டேப் ஒட்டி, அது யார் கண்ணையும் உறுத்தாதபடி வைத்திருந்தார். 1947-ல் ராபர்ட் காப்பா முதலான நண்பர்களோடு சேர்ந்து மேக்னம் என்ற நிறுவனத்தை ஆரம்பித்துவிட்டு, அதே வருடம் இந்தியாவுக்கு வந்தார். கூட மனைவி ரத்னா மோகினி, ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞர். 1948 ஜனவரி 30 அன்று காந்தியைச் சந்தித்துப் பேசிவிட்டு வெளியே வந்தார். கொஞ்ச நேரத்தில் காந்தி சுடப்பட்டார். அந்த இரவும் அடுத்த நாள் ஊர்வலமும் இன்று உலகம் முழுக்கத் தெரிவதில் இவர் எடுத்த படங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இரண்டு வருடம் கழித்துத் திருவண்ணாமலை.

அப்போது ரமண மகரிஷிக்கு இடது கையில் புற்றுநோய். 1949 பிப்ரவரியில் சின்னக் கட்டியாக ஆரம்பித்தது. வருடம் முடிவதற்குள் நான்கு தடவை அறுவை சிகிச்சை செய்தும் பலன் இல்லை. 1950 ஏப்ரல் வாக்கில் முடிவு நெருங்கிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் தரிசனம் நிற்கவில்லை. ஜனங்கள் வரிசையாக வந்து, அவர் படுத்திருந்த சின்ன அறையின் வாசலில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். கார்த்தியே-பிரெஸ்ஸோனும் மனைவியும் அந்த ஊரிலேயே வீடு எடுத்துக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் தங்கியிருந்தார்கள்.

இந்த 'இரண்டு வாரம்' என்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். இவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் 'கண நேரம்', 'மின்னல் வேகம்' என்றுதான் எழுதுவார்கள். அவர் அந்தக் கண நேரத்துக்காக வெயில் கொளுத்த ஆரம்பிக்கிற ஏப்ரல் மாதத்தில், பாஷை தெரியாத ஒரு சின்ன ஊரில், பதினைந்து நாள் காத்துக்கொண்டு இருந்தார். ஆசிரமத்தில் இருந்தவர்களுக்கு அவர் முகம் பழகிப் போயிருக்கும். 'கேமராக்காரர் வந்திருக்கார்' என்பது மூன்றாம் நாள் 'அவர் வந்திருக்கார்' என்று ஆகி, ஒரு வாரத்தில் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கறுப்பு டேப் கேமராவைத்தான் மறைக்கும். ஆளை மறைக்க வேறு வழியே கிடையாது, நாள் கணக்கில் அங்கேயே கிடக்க வேண்டும்.

ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை ராத்திரி. கார்த்தியே-பிரெஸ்ஸோன் தன் வீட்டுக்கு முன்னால் திறந்த வெளியில் இருக்கிறார். கூட இருந்தவர்கள் வானத்தைக் காட்டுகிறார்கள். தெற்கிலிருந்து வால் முளைத்த ஒரு வெளிச்சம் மெதுவாக நகர்ந்து, அருணாசல மலை உச்சிக்குப் போய்ப் பின்னால் மறைகிறது. கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், 8.47. ஆசிரமத்துக்கு ஓடுகிறார்கள். அதே நேரத்தில்தான் ரமணர் இறந்திருக்கிறார். இதை அவரே சொல்லக் கேட்டு, ஆசிரமவாசியான எஸ்.எஸ். கோஹன் குறித்து வைத்திருக்கிறார்.

நட்சத்திரத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இங்கே விஷயம் வேறு. உலகத்திலேயே வேகமான கை என்று பேர் எடுத்தவர், வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை பார்த்த காட்சி. அதை நாம் வாய்வார்த்தையாகத்தான் கேட்கிறோம். படமாகப் பார்ப்பதில்லை. அவர் செய்தது அண்ணாந்து பார்த்தது, மணி பார்த்தது, ஓடியது. மற்ற எல்லோரும் செய்ததைத்தான் அவரும் செய்திருக்கிறார். மறுபடியும் கேமராவைத் தூக்கி மற்ற படங்களை எடுத்ததெல்லாம் அதற்கப்புறம்.

இன்னொன்று. அதே ஏப்ரல் மாதக் கடைசியில் அவர் பாண்டிச்சேரிக்குப் போய் அரவிந்தரைப் படம் எடுத்தார். அரவிந்தர் பல வருடங்களாக யாரையும் படம் எடுக்க விட்டதில்லை. அங்கே சட்டென்று கிளிக் பண்ணிவிட்டு ஓடி வரவில்லை. முறையாக அனுமதி கேட்டார், கொடுத்தார்கள், எடுத்தார். கேண்டிட் கடவுளே கேட்டு வாங்கித்தான் எடுத்திருக்கிறார், நமக்கு என்ன வந்தது?

1952-ல் அவருடைய படங்கள் புத்தகமாக வந்தன. அட்டைப்படம் போட்டுக் கொடுத்தவர் ஓவியர் மத்தீஸ். ஆங்கிலப் பதிப்புக்கு 'தீர்மானமான கணம்' என்கிற அர்த்தத்தில் 'தி டெசிஸிவ் மொமெண்ட்' என்று தலைப்பு. முன்னுரைக்கு மேலே அவர் எடுத்துப் போட்டிருந்த ஒரு பழைய மேற்கோளிலிருந்து அதை உருவினார்கள். அவர் பிரெஞ்சில் வைத்த தலைப்பு வேறு. 'இமாஜ் ஆ லா சொவெத்'. இந்த 'ஆ லா சொவெத்' என்பதை பிரெஞ்சுக்காரர்கள் யாரைப் பற்றிச் சொல்வார்கள் தெரியுமா? லைசென்ஸ் இல்லாமல் பிளாட்பாரத்தில் கடை விரிக்கிறவர்களைப் பற்றி! போலீஸ் வந்தால் சுருட்டிக்கொண்டு ஓடத் தயாராக நிற்கிறவர்கள்.

திருவண்ணாமலைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ராஜகோபுரத்துக்கு முன்னால் தேரடித் தெருவில் தார்ப்பாய் விரித்து ருத்திராட்சம், கயிறு, குங்குமம் விற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். 'ஆக்கிரமிப்பு அகற்றுறாங்க' என்று ஒரு குரல் வந்தால் போதும், தார்ப்பாயின் நாலு மூலையும் ஒரே கையில் வந்துவிடும். மாநகராட்சி வண்டி திரும்பிப் போனதும் அதே இடத்தில் அதே கடை. ஆங்கிலத் தலைப்பு போட்டோகிராபரை ஏதோ நீதிபதி மாதிரி ஆக்கிவிட்டது. பிரெஞ்சுத் தலைப்பில் அவரும் ஒரு பிளாட்பார வியாபாரிதான். தெரு அவருக்குச் சொந்தமில்லை. யாராவது 'எழுந்து போ' என்றால் போக வேண்டியதுதான்.

சரி, இப்போது ஒரு பையனைப் பார்ப்போம். பி.காம். இரண்டாம் வருடம். பெயர் வேண்டாம், உங்கள் கிளாஸிலும் இப்படி ஒருத்தன் இருப்பான். மாமா வாங்கி, இரண்டு பிறந்தநாளுக்கு எடுத்துவிட்டு, பீரோவில் பூட்டி வைத்த டிஎஸ்எல்ஆர் ஒன்று அவன் கைக்கு வருகிறது. கூட 18-55 கிட் லென்ஸ். கேண்டிட் எடுக்கப் போகிறேன் என்கிறான். சீனியர் ஒருவன் உடனே, "மச்சி, கேண்டிட்னா ஜூம் வேணும்டா. பத்தடி தள்ளி நின்னா அவனுக்குத் தெரிஞ்சிடும்" என்கிறான். 55-250 லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கியாகிவிட்டது. நாள் குறித்தது பௌர்ணமி. இடம் கிரிவலப் பாதை.

பௌர்ணமியில் ஆரம்பித்தது முதல் தப்பு. 14 கிலோமீட்டர் பாதை முழுக்க ஜனம். லட்சக்கணக்கில் நடக்கிறார்கள், எல்லோரும் ஒரே திசையில். ராத்திரி வெளிச்சம், தெருவிளக்கும் கடை பல்பும்தான். அந்த ஜூம் லென்ஸை முழுக்க நீட்டினால் அதன் துவாரம் எப்/5.6-க்கு மேல் திறக்காது. இந்த வெளிச்சத்தில் ஷட்டர் 1/30-க்கு இறங்கிவிடும். நடக்கிற ஆளை நிறுத்தக் குறைந்தது 1/250 வேண்டும். 250 எம்எம்-மில் கை நடுங்காமல் இருக்கவே அந்த வேகம் தேவை. ஆக, விடியற்காலை மூன்று மணிக்கு 600 படங்களோடு வீடு திரும்பினான். பார்த்தால் முதுகு, முதுகு, மஞ்சள் குழம்பில் கரைந்த மாதிரி முகங்கள், மறுபடி முதுகு. விளக்கடியில் அசையாமல் உட்கார்ந்திருந்த சாமியார்கள் மட்டும் தெளிவாக விழுந்திருந்தார்கள். அத்தனையும் முகம் மட்டும். தாடி, சடை, விபூதி. எந்த ஊர் என்று கேட்டால் சொல்ல முடியாது. காசியில் எடுத்தேன் என்றாலும் நம்புவார்கள். தூர லென்ஸ் இதைத்தான் செய்யும். ஆளைத் தெருவிலிருந்து பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

ஆனால் 600-ல் ஒரு படம் நன்றாக வந்திருந்தது. அக்னி லிங்கத்துக்கு அந்தப் பக்கம், மூடிய கடை வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு சாமியார். இவன் சாலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து குறி பார்க்கிறான். அவர் கண்டுகொண்டார். காவித் துண்டை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தார். துண்டின் ஓரத்துக்கு மேலே ஒரே ஒரு கண். அது நேராக லென்ஸைப் பார்க்கிறது. இவன் விரல் நிற்கவில்லை. விளக்கு, துண்டின் மடிப்பு, அந்தக் கண் எல்லாமே கச்சிதமாக விழுந்துவிட்டது. கிளாஸில் காட்டினால் எல்லோரும் 'செம'தான் சொல்வார்கள். ஆனால் அவர் வேண்டாம் என்று சொன்ன படம் அது. வாயால் சொல்லவில்லை, துண்டால் சொன்னார். அதை இன்ஸ்டாகிராமில் போடலாமா கூடாதா என்று ஒரு வாரம் தூக்கமில்லை.

இதைச் சட்டத்தில் தேடிப் பிரயோஜனம் இல்லை. பொது இடத்தில் ஒருவரைப் படம் எடுப்பதே குற்றம் என்று இந்தியாவில் தனிச் சட்டம் எதுவும் இல்லை. பெண்களின் அந்தரங்கத்தைப் படம் எடுப்பதும் பின்தொடர்வதும் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதாவில் 77, 78-வது பிரிவுகள். கோவில்களுக்குள் செல்போன் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது, அதனால் கோபுரத்தைத் தாண்டினால் கேமரா ஆசையை விட்டுவிடுங்கள். 2017-ல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றது. இவ்வளவையும் படித்த பிறகும் சாலையோரச் சாமியாரின் துண்டுக்கு நேரடியாகப் பதில் கிடைக்காது.

பதில் காமர்ஸ் புத்தகத்தில் கிடைக்கும் என்றால் சிரிக்காதீர்கள். பிளஸ் ஒன்னில் முதல் மாதமே மனப்பாடம் செய்த விதிதான். ஆள்சார் கணக்கில் பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. ஒரு முகத்தை எடுத்துக்கொண்டு வருகிறவன் பெறுபவன். அவன் பேரில் பற்று விழுந்தாகிவிட்டது. தந்தவர் பேரில் வரவு நிற்கிறது. லைக்குகள் வாங்கியதால் அது தீராது, அவை இவன் கணக்குக்குத்தான் வரும். தந்தவருக்கு ஏதாவது திரும்பிப் போனால்தான் கணக்கு நேராகும். தராதவரிடமிருந்து எடுத்ததை எந்தப் பக்கம் எழுதுவது? அந்த மாதிரிக் கணக்குக்கு வேறு பெயர் இருக்கிறது.

(சில இடங்களில் சாமியார்களே கை நீட்டிக் காசு கேட்பார்கள். போட்டோவுக்கு இவ்வளவு என்று. பலர் இதைக் கேவலமாகப் பேசுகிறார்கள். யோசித்துப் பார்த்தால் அவர் ஒருவர்தான் கணக்கை அங்கேயே முடித்துவிடுகிறார். ஆனால் காசு கொடுத்ததும் அவர் கேமராவைப் பார்த்துக் கை தூக்கி ஆசீர்வாதம் பண்ணுவார். கல்யாண மண்டப மாடிப்படிக்கே திரும்பி வந்துவிட்டோம்.)

முகத்தை மறைத்துக்கொள்வதில் அந்தச் சாமியாருக்குப் பெரிய துணை ஒருவர் உண்டு. 1975-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் ஒருவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. படம் எடுத்துவிடப் போகிறார்கள் என்று அவர் ஒரு காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அவர் வேறு யாரும் இல்லை, ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன். ஊரில் உள்ள எல்லோரையும் எடுத்தவருக்குத் தன்னை எடுப்பது பிடிக்காது. தன்னை நாலு பேருக்கு அடையாளம் தெரிந்துவிட்டால் தெருவில் வேலை செய்ய முடியாது என்பது ஒரு காரணம். கடைசிக் காலத்தில் அவர் கேமராவையே பெரும்பாலும் ஒதுக்கிவிட்டுப் பென்சில் பிடித்து வரைய ஆரம்பித்துவிட்டார். 2004-ல் காலமானார்.

திருவண்ணாமலையில் இன்னொரு நேர் எதிர் உதாரணமும் உண்டு. ஊரில் எந்தக் கடைக்குப் போனாலும், எந்த ஆட்டோவில் ஏறினாலும் ரமணரின் ஒரு படம் இருக்கும். லேசான புன்னகை, நேராகப் பார்க்கிற கண்கள். 1946-ல் பெங்களூர் போட்டோகிராபர் ஜி.ஜி. வெல்லிங் எடுத்தது. கேண்டிட்டே இல்லை, முறையாக எதிரே உட்கார வைத்து எடுத்த படம். சென்னையிலிருந்து அடிக்கடி வந்த டாக்டர் டி.என். கிருஷ்ணசாமி எடுத்தவை வேறு மாதிரி. ரமணர் நடக்கிறார், உட்கார்ந்திருக்கிறார், மலைப் பக்கம் நிற்கிறார். கேமராவோடு வந்தவர்களை ரமணர் விரட்டவும் இல்லை, அவர்களுக்காக முகத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. இந்த ஊரில் ஜனங்கள் 'தரிசனம்' என்று சொல்கிறார்களே, அது நாம் போய்ச் சாமியைப் பார்ப்பது மட்டும் இல்லை, சாமி நம்மைப் பார்ப்பதும்தான். அந்த ஊரில் போய், தான் மட்டும் பார்க்க வேண்டும், தன்னை யாரும் பார்க்கக் கூடாது என்று 250 எம்எம் லென்ஸோடு மரத்துக்குப் பின்னால் நிற்பது கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

அடுத்த மாதம் பையன் ஜூமைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். பௌர்ணமிக்குப் போகவில்லை. சாதாரண புதன்கிழமை, காலேஜ் முடிந்து சாயந்திரம்.

சாயந்திரம் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. கோவில் மலைக்குக் கிழக்கே அடிவாரத்தில் இருக்கிறது. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும். அதனால் மற்ற ஊர்களுக்கு முன்னாலேயே இங்கே தெருவில் வெயில் போய்விடும், வானம் மட்டும் வெளிச்சமாக இருக்கும். முகத்தில் கறுப்பு நிழல் விழாது, கண்ணைச் சுருக்க மாட்டார்கள். பெரிய ஸ்டுடியோக்களில் துணி கட்டிக் கொண்டுவருகிற வெளிச்சம், இங்கே 2,668 அடி மலை ஓசியில் தருகிறது. காலையில் இதற்கு நேர் எதிர். ராஜகோபுரத்தின் முகத்திலும் பூக்காரர்கள் முகத்திலும் வெயில் நேராக அடிக்கும். அது வேறு வகை அழகு, ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குக் கஷ்டம்.

கிட் லென்ஸை 24 எம்எம்-மில் வைத்து, துவாரம் எப்/8, போகஸைக் கையால் இரண்டரை மீட்டரில் நிறுத்திவிட்டான். இந்தச் சின்ன சென்ஸார் கேமராக்களில் அப்படி வைத்தால் ஏறக்குறைய ஒன்றரை மீட்டரிலிருந்து எட்டு மீட்டர் வரை எல்லாமே தெளிவாக விழும். அதற்கப்புறம் போகஸ் தேட வேண்டாம், கேமரா 'பீப்' என்று கத்தவும் வேண்டாம். ஷட்டர் 1/250, ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டால் போதும். செல்போன்காரர்களுக்கு இன்னும் சுலபம். போனின் மெயின் கேமராவே அகலமானது, எல்லாம் தெளிவாகத்தான் விழும். ஜூம் பண்ணாமல் இரண்டு எட்டு கிட்டப் போனால் சரி. ஷட்டர் சத்தத்தை நிறுத்திவிடுங்கள். சைலண்டாக எடுப்பது ஏமாற்றுவதற்கு இல்லை, பேசிக்கொண்டிருக்கிறவர்களைக் கெடுக்காமல் இருப்பதற்கு.

முதல் நாள் பூக்கடை ஓரம் நின்றான். பூக்காரம்மா பார்த்துவிட்டு, "எதுக்குப்பா போட்டோ எடுக்கற? பேப்பர்ல போடவா?" என்றார். "இல்லம்மா, கத்துக்கறேன்." "கத்துக்க என் மூஞ்சிதான் கிடைச்சுதா?" அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் அவர் முழம் போட ஆரம்பித்துவிட்டார், இவனை மறந்துவிட்டார். பேசின பிறகுதான் மறப்பார்கள். பேசாமல் சுற்றிச் சுற்றி வருகிறவனை யாரும் மறக்க மாட்டார்கள், சந்தேகமாகப் பார்த்துக்கொண்டேதான் இருப்பார்கள். பக்கத்துக் கடை அக்கா மட்டும் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டார். இந்தத் தடவை கேமரா இறங்கிவிட்டது. குழந்தைகளை எடுப்பதானால் பக்கத்தில் இருக்கிற அம்மாவிடமோ அப்பாவிடமோ ஒரு வார்த்தை. இதில் யோசிக்கவே இல்லை.

யோசிக்க வேண்டியது வேறொன்று. 2024 டிசம்பர் 1 அன்று, புயல் மழையில் இதே மலையிலிருந்து மண் சரிந்து ஒரு வீட்டை மூடியது. குழந்தைகள் உள்பட 7 பேர் இறந்தார்கள். அந்த மாதிரி நாளில் கேமராவோடு தெருவில் இருக்கிறவன் என்ன செய்ய வேண்டும்? செய்திப் படம் எடுப்பவர்களுக்கு அது வேலை. ஊருக்குத் தெரிய வேண்டியது அவர்களால்தான் தெரிகிறது. கற்றுக்கொள்கிற பையனுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது, மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தால் ஒழிய. காந்தியின் மரணத்தையும் ரமணரின் மரணத்தையும் கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுக்கவில்லையா என்று கேட்கலாம். எடுத்தார். ஒன்றில் அன்றைக்குத்தான் அவரோடு பேசியிருந்தார். இன்னொன்றில் பதினைந்து நாள் கூடவே இருந்தார்.

மூன்றாவது புதன்கிழமை, பூக்காரம்மாவின் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனான். சாதாரண 4x6, டீ வடை செலவுதான். அவர் வாங்கிப் பார்த்தார். "நான் இவ்ளோ கறுப்பா?" என்றார். பக்கத்துக் கடைக்குக் காட்டினார். முந்தானையால் மூடிக்கொண்ட அக்கா வாங்கி நெடு நேரம் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒண்ணு எடு, ஆனா நாளைக்கு. நாளைக்கு வேற புடவை" என்றார். கேண்டிட் போயே போச்சு! ஆனால் மறுநாள் வேறு புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்ட பிறகு அவரும் கேமராவை மறந்துவிட்டார். அன்றைக்கு அவர் வாடிக்கையாளரோடு பேரம் பேசுகிற படம்தான் அந்த மாதத்தில் உருப்படியாக வந்தது.

துண்டுச் சாமியாரின் படம் என்ன ஆயிற்று? இன்ஸ்டாகிராமில் வரவில்லை. அழிக்கவும் மனசு வரவில்லை. ஒரு சாயந்திரம் லென்ஸை மூடிவைத்துக்கொண்டு அக்னி லிங்கத்துப் பக்கம் போனான். அதே கடை வாசல், அதே ஆள். பக்கத்தில் போய், "சாமி, போன பௌர்ணமிக்கு முந்தின பௌர்ணமியில உங்களை எடுத்தேன். நீங்க வேணாம்னு துண்டு வச்சீங்க" என்று கேமராவின் பின்பக்கத்தைக் காட்டினான். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். திட்டவில்லை. "துண்டு நல்லா விழுந்திருக்கு" என்றார். பிறகு, "வேணாம்" என்றார். அவர் எதிரிலேயே அழித்தான்.

எதிர்க் கடையில் இரண்டு டீ சொன்னான். டம்ளரை வாங்கிக்கொண்டு அவர் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். எந்த ஆஸ்பத்திரியில் ஊசி போட்டால் நல்லது, எந்த மடத்தில் சாப்பாட்டில் காரம் அதிகம் என்று போய்க்கொண்டே இருந்தது. கேமரா மடியில்தான் இருந்தது. நடுவில் ஒரு தடவை, "சாமி, எடுக்கட்டுமா?" என்று கேட்டான். அவர் பேச்சை நிறுத்தாமல் கையை மட்டும் ஆட்டினார். சரி என்றும் வைத்துக்கொள்ளலாம், ஈ ஓட்டினார் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இவன் எடுக்கவில்லை. அடுத்த புதன்கிழமை தெளிவாகக் கேட்டுக்கொள்ளலாம் என்று டீக்குக் காசு கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடித்தான்.